விதிகள் வரையும் வீடுகள்

சீனாவின் மேற்கே செங்டூ நகரில் அறிவியல் கற்பித்துவந்த அமெரிக்கர் டேனியல் ஷீட்ஸ் டை, அந்தப் பகுதி வீடுகளிலும் கோயில்களிலும் இருந்த சன்னல்களை ஒவ்வொன்றாக வரைந்து சேர்த்தார். கண்ணாடி போடாத சன்னல்கள் அவை. மெல்லிய மரச்சட்டங்களைப் பின்னி, அதன்மேல் காகிதம் ஒட்டியிருப்பார்கள். டையின் தொகுப்பு 1937இல் நூலாக வெளிவந்தது. அதில் உள்ள பின்னல்களில் பெரும்பாலானவை ஒழுங்கானவை. ஒரு மூலையைப் பார்த்தாலே மீதியை ஊகித்துவிடலாம். ஒரு வகை மட்டும் அந்த ஊகத்துக்குப் பிடிகொடுப்பதில்லை. உறைந்த குளத்தின் மேல் விரிசல் ஓடியதுபோல் அதில் சட்டங்கள் கோணல்மாணலாகப் போகின்றன. எந்த இரண்டு துண்டும் ஒரே மாதிரி இல்லை. ஆனாலும் பத்துச் சன்னல்களை வரிசையாக வைத்தால், அவை ஒரே குடும்பம் என்பது பார்த்ததுமே தெரிகிறது.

எதனால் தெரிகிறது? எந்த அளவும் பொருந்தவில்லை, எந்தக் கோணமும் திரும்ப வரவில்லை. அப்படியென்றால் அவற்றுக்குப் பொதுவாக இருப்பது எது?

1977இல் வடிவமைப்புக் கோட்பாட்டாளர் ஜார்ஜ் ஸ்டைனி இதற்கு ஒரு விடை சொன்னார். சன்னல்களுக்குப் பொதுவாக இருப்பது அவற்றின் வடிவம் அல்ல, அவற்றைச் செய்த முறை. அந்த முறையை நான்கே விதிகளில் எழுதிவிடலாம் என்று அவர் காட்டினார்.

நான்கு வெட்டுகள்

ஒரு தாளில் செவ்வகம் ஒன்றை வரைந்துகொள்ளுங்கள். அதுதான் சன்னலின் வெளிச்சட்டம். இனி நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஏதாவது ஒரு துண்டைத் தேர்ந்து, ஒரு நேர்க்கோட்டால் அதை இரண்டாக வெட்டலாம். வெட்டு துண்டின் மூலையில் தொடங்கவோ முடியவோ கூடாது. இரண்டு பாதிகளின் பரப்பும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும்.

வெட்டும் முறைகள் நான்கு. முக்கோணத்தை வெட்டினால் ஒரு முக்கோணமும் ஒரு நாற்கரமும் வரும். நாற்கரத்தை எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே வெட்டினால் இரண்டு நாற்கரங்கள் கிடைக்கும். அடுத்தடுத்த பக்கங்களுக்கு இடையே வெட்டினால் ஒரு முக்கோணமும் ஓர் ஐங்கோணமும் கிடைக்கும். ஐங்கோணத்தை, அடுத்தடுத்து இல்லாத இரு பக்கங்களுக்கு இடையே வெட்டினால் ஒரு நாற்கரமும் இன்னோர் ஐங்கோணமும் வரும்.

இந்த நான்கையும் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். மூன்று, நான்கு, ஐந்து பக்கத் துண்டுகளில் எதை வெட்டினாலும் மறுபடி அதே மூன்று வகைத் துண்டுகள்தாம் வருகின்றன. அறுகோணம் வர வழியே இல்லை. அதனால் விதிகள் ஒருநாளும் தீர்ந்துபோவதில்லை. சட்டங்களுக்கு இடையே காகிதம் தாங்கும் அளவுக்குத் துண்டுகள் சிறிதாகும்வரை வெட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு புதுச் சட்டமும் ஏற்கெனவே நிற்கும் இரண்டு சட்டங்களின் நடுவில் போய் முட்டுவதால், வேலையின் எந்தக் கட்டத்திலும் பின்னல் ஆட்டம் காணாமல் நிற்கும். தச்சர் கையில் வரைபடம் தேவையில்லை. அடுத்த வெட்டு எங்கே என்று பார்த்தால் போதும்.

பத்து வெட்டுகள் போட்டுவிட்டு உங்கள் தாளைப் பாருங்கள். அதில் இருக்கும் சன்னல் டையின் நூலில் இல்லை. எந்தச் சீனத் தச்சரும் அதைச் செய்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

லூப்லியானாவில் படித்த கட்டுரை

இப்படி விதிகளால் வடிவங்களை உண்டாக்கும் முறைக்கு வடிவ இலக்கணம் என்று பெயர். ஸ்டைனியும் ஜேம்ஸ் ஜிப்ஸும் அதை 1971இல் அன்றைய யுகோஸ்லாவியாவின் லூப்லியானா நகரில் நடந்த உலகக் கணினி மாநாட்டில் முன்வைத்தார்கள். அப்போது அவர்களின் கவனம் ஓவியத்திலும் சிற்பத்திலும் இருந்தது; கட்டடங்கள் பிறகு வந்தன.

பின்னணியில் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி இருந்தார். எண்ணி முடிக்கக்கூடிய சில விதிகளிலிருந்து எண்ணற்ற வாக்கியங்கள் பிறப்பதை அவர் 1957இல் வெளியான நூலில் விளக்கியிருந்தார். பல துறையினர் அந்த யோசனையைப் பல பக்கங்களுக்கு எடுத்துச் சென்றார்கள். 1968இல் ஹங்கேரிய உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் எளிய உயிரினங்களின் வளர்ச்சியை எழுத்துகளை மாற்றி எழுதும் விதிகளாக எழுதினார். நம் ஊரிலும் அந்த ஆண்டுகளில் இந்தத் துறையில் தரமான வேலை நடந்தது. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களை விதிகளால் உண்டாக்கும் இலக்கணம் ஒன்றை 1974இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். வாசலில் போடும் கோலம் கணினி அறிவியலின் கோட்பாட்டுக்குள் நுழைந்தது அவர்களால்தான். பட இலக்கணம் பற்றி உலகில் எங்கே எழுதினாலும் அவர்களுடைய பெயர் சொல்லப்பட வேண்டும்.

கோல இலக்கணம் குறியீடுகளை வரிசையாக அடுக்கி வேலை செய்தது. ஒவ்வொரு குறியீடும் ஒரு துண்டுக் கோலத்தைக் குறிக்கும். ஸ்டைனி இன்னொரு பாதையில் போனார். நடுவில் குறியீடே வேண்டாம், விதி நேரடியாக வடிவத்தின் மேல் வேலை செய்யட்டும் என்பது அவர் நிலை.

ஒரு விதியின் இடப்பக்கம் ஒரு வடிவம், வலப்பக்கம் இன்னொரு வடிவம். கையில் உள்ள படத்தில் இடப்பக்க வடிவம் எங்காவது இருக்கிறதா என்று தேட வேண்டும். நகர்த்தி, சுழற்றி, கண்ணாடியில் காட்டியதுபோல் திருப்பி, பெரிதாக்கி, சிறிதாக்கித் தேடலாம். அகப்பட்டதும் அதை அழித்துவிட்டு, அதே நகர்வோடும் சுழற்சியோடும் வலப்பக்க வடிவத்தை அங்கே வைக்க வேண்டும். விதி கண்ட இடத்தில் எல்லாம் பாயாமல் இருக்கச் சிறு புள்ளிகளையோ எழுத்துகளையோ அடையாளமாக வைப்பார்கள். தொடங்குவதற்கு ஒரு வடிவமும் வேண்டும். வடிவ இலக்கணத்தின் எந்திரம் இவ்வளவுதான்.

மூன்றாவது சதுரம்

எளிமையாகத் தோன்றும் இந்த எந்திரத்துக்குள் கணினிக்குப் பெரிய சிக்கல் ஒன்று காத்திருக்கிறது. ஒரு சதுரம் வரையுங்கள். அதே அளவில் இன்னொரு சதுரத்தை, முதல் சதுரத்தின் மூலைமேல் ஏறும்படி குறுக்காகத் தள்ளி வரையுங்கள். இப்போது தாளில் எத்தனை சதுரங்கள்?

வரைந்தவை இரண்டு. கண் பார்ப்பது மூன்று. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இடத்தில், யாரும் வரையாத சின்னச் சதுரம் ஒன்று முளைத்திருக்கிறது. அதன் இருபுறமும் பட்டையான இரண்டு 'ட' வடிவங்களும் தெரியும். ‘சதுரத்தைக் கண்டால் இப்படிச் செய்’ என்று ஒரு விதி இருந்தால், அதைச் சின்னச் சதுரத்தின் மேலும் செலுத்தலாம். அப்படிச் செலுத்தினால் படம் முற்றிலும் வேறு திசையில் போகும்.

வழக்கமான வரைகலை மென்பொருள் இதைப் பார்க்காது. அதன் நினைவில் இருப்பவை ‘சதுரம் ஒன்று’, ‘சதுரம் இரண்டு’ என்ற இரண்டு உருப்படிகள். மூன்றாவதற்கு அங்கே பதிவே கிடையாது. ஸ்டைனி இதற்குக் கண்ட தீர்வு கோடுகளைப் பதிவு செய்யும் முறையில் இருந்தது. படத்தை உருப்படிகளாகச் சேமிக்காமல், ஒவ்வொரு கோட்டையும் அது எவ்வளவு தூரம் நீளுமோ அவ்வளவு நீளமாக, துண்டு போடாமல் சேமிக்க வேண்டும். பிறகு எந்த முழுக்கோட்டின் எந்தப் பகுதியையும் தேடும் வடிவத்தின் பக்கமாக எடுத்துக்கொள்ளலாம். சின்னச் சதுரத்தின் நான்கு பக்கங்களும் பெரிய சதுரங்களின் கோடுகளுக்குள்ளேயே இருப்பதால் அதுவும் அகப்பட்டுவிடும். இந்தத் தேடலைக் கணினியில் எப்படிச் செய்வது என்பதற்கான கணக்கை 1980களின் தொடக்கத்தில் ரமேஷ் கிருஷ்ணமூர்த்தி முறைப்படுத்தினார். அவர் பின்னர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்தார்.

கட்டடக் கலைஞர்களுக்கு இது ஏன் பெரிய விஷயம்? அவர்கள் வேலையே இப்படித்தான் நடக்கிறது. ஒரு நோக்கத்துக்காகக் கோடு போடுகிறார்கள். போட்டபின் அதில் வேறொன்று தெரிகிறது. தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறார்கள். வரைந்தவர் நினைக்காததையும் பார்க்க அனுமதிக்காத எந்த முறையும் வடிவமைப்பை விளக்க முடியாது. ஸ்டைனி தன் வாழ்நாள் உழைப்பின் பெரும்பகுதியை இந்த ஒரு கருத்துக்குக் கொடுத்தார். 2006இல் வெளிவந்த அவருடைய பெரிய நூலின் மையமும் இதுவே.

பல்லாடியோவின் வீடுகள்

சன்னலுக்குச் சரி, ஒரு முழு வீட்டுக்கு இலக்கணம் எழுத முடியுமா? 1978இல் ஸ்டைனியும் வில்லியம் மிட்செலும் அந்தச் சோதனைக்கு எடுத்துக்கொண்டவர், மேற்குலகக் கட்டடக் கலையில் மிக அதிகமாகப் பின்பற்றப்பட்டவர்களுள் ஒருவரான ஆந்திரேயா பல்லாடியோ (1508–1580).

பல்லாடியோ வட இத்தாலியில், வெனிஸைச் சுற்றியுள்ள பகுதியில், நிலவுடைமைக் குடும்பங்களுக்குப் பல மாளிகைகள் கட்டினார். அவற்றின் வரைபடங்களை 1570இல் வெளியிட்ட தன் நூலில் அளவுகளோடு பதிப்பித்தார். ரூடால்ஃப் விட்கோவர் என்ற கலை வரலாற்றாசிரியர் 1949இல், அந்த மாளிகைகளில் பதினொன்றின் அடியில் ஒரே வகைக் கட்டம் மறைந்திருப்பதைக் காட்டினார். ஸ்டைனியும் மிட்செலும் அங்கிருந்து தொடங்கினார்கள்.

பிரென்டா ஆற்றங்கரையில் ஃபொஸ்காரி சகோதரர்களுக்காகப் பல்லாடியோ கட்டிய மாளிகையை எடுத்துக்கொள்வோம். மல்கோன்டென்டா என்ற பெயரால் அது அறியப்படுகிறது. இலக்கணம் அந்த மாளிகையின் வரைபடத்தை எட்டுப் படிகளில் வெற்றுத் தாளிலிருந்து எழுப்புகிறது.

முதலில் கட்டம். ஓர் அச்சுக்கோட்டின் இருபுறமும் சமச்சீராகச் செவ்வகங்கள் வளர்கின்றன. மல்கோன்டென்டாவின் அகலம் ஐந்து பத்திகளாகப் பிரிகிறது. அவற்றின் விகிதம் 2 : 1 : 2 : 1 : 2. அடுத்து வெளிச்சுவர் கட்டத்தைச் சுற்றி வளைக்கிறது. மூன்றாவதாக அறைகள். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களை இணைக்கும் விதிகள், நடுவில் சிலுவை வடிவக் கூடத்தையும் இருபுறமும் செவ்வக அறைகளையும் உருவாக்குகின்றன. ஒரு பக்கத்தில் செய்த இணைப்பு அதே கணத்தில் மறுபக்கத்திலும் நடக்கும். சமச்சீர் குலைய விதி இடம் தருவதில்லை. நான்காவதாக உட்சுவர்கள் தேவைக்கேற்பச் சற்று நகர்கின்றன. ஐந்தாவது படியில் தூண்கள் தாங்கும் முகப்பு மண்டபமும் வெளிச்சுவரின் மடிப்புகளும் வருகின்றன. பிறகு வெளி அலங்காரம், அதன்பின் கதவு சன்னல்கள். கடைசியில், வழிகாட்டிய கட்டக்கோடுகளும் அடையாளங்களும் அழிக்கப்படுகின்றன. தாளில் எஞ்சுவது பல்லாடியோ பதிப்பித்த வரைபடம்.

அந்த வரைபடத்தின் எண்களைக் கொஞ்சம் கவனியுங்கள். நடுக்கூடத்தின் ஒரு பக்கத்தில் மூன்று அறைகள்: 12க்கு 16 அடி, 16க்கு 16 அடி, 16க்கு 24 அடி. கூடத்தின் அகலம் 32 அடி. அளந்தது அந்தப் பகுதியின் அடிக்கோல், இன்றைய அடியைவிடச் சற்றுப் பெரியது. 12, 16, 24, 32 என்ற நான்கே எண்கள் மாளிகை முழுவதும் ஓடுகின்றன. சிறிய அறையின் நீளம் அடுத்த அறையின் பக்கமாகிறது. அந்தப் பக்கமே பெரிய அறையின் அகலமாகிறது. கூடத்தின் அகலம் அதைப் போல இரண்டு மடங்கு. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகிறவர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை, ஆனால் அந்த இணக்கம் அவரைச் சுற்றி இருக்கிறது.

இலக்கணத்தின் உண்மையான பலம் அவர்கள் இருவரும் அடுத்து எழுதிய கட்டுரையில் தெரிந்தது. விதிகள் கையில் இருப்பதால், அவற்றால் எத்தனை வரைபடங்கள் சாத்தியம் என்று எண்ணிப் பார்க்கலாம். மூன்றுக்கு மூன்று கட்டத்தில் 20. ஐந்துக்கு மூன்று கட்டத்தில் 210. பல்லாடியோ தன் நூலில் வெளியிட்டவை இந்தப் பட்டியலில் ஒரு சிறு பகுதியே. மீதி எல்லாம் அவர் கட்டியிருக்கக்கூடியவை, கட்டாதவை. ஒரு கலைஞர் எதைத் தேர்ந்தார் என்பது அவர் எதை விட்டார் என்று தெரியும்போதுதான் முழுதாகப் புரியும். பல்லாடியோவுக்கு முன்னால் திறந்திருந்த வழிகளையும் அவர் தேர்ந்த வழியையும் ஒரே பட்டியலில் பார்க்க முடிந்தது அப்போதுதான்.

ஒரு பாணியைப் புரிந்துகொண்டோம் என்று சொல்ல ஸ்டைனியும் மிட்செலும் மூன்று தேர்வுகளை வைத்தார்கள். அந்தப் பாணியின் கட்டடங்களுக்குப் பொதுவானது எது என்பதைச் சொல்ல வேண்டும். புதிதாக ஒரு கட்டடத்தைக் காட்டினால், அது அந்தப் பாணிதானா என்று தீர்க்க வேண்டும். அந்தப் பாணியில் புதிய கட்டடம் ஒன்றை ஆக்கிக் காட்ட வேண்டும். கலை விமர்சனம் பெரும்பாலும் முதல் தேர்வோடு நின்றுவிடுகிறது. மூன்றையும் ஒருசேரத் தாண்ட முயல்வதே வடிவ இலக்கணத்தின் துணிச்சல்.

அடுப்பிலிருந்து எவோரா வரை

பல்லாடியோவுக்குப் பின் பலருடைய இலக்கணங்கள் எழுதப்பட்டன. ஸ்டைனியும் மிட்செலுமே 1980இல் முகலாயத் தோட்டங்களுக்கு ஒன்று எழுதினார்கள். 1981இல் ஹேங்க் கோனிங், ஜூலி ஐசன்பெர்க் இருவரும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட்டின் பிரெய்ரி வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்களின் இலக்கணம் கட்டத்திலிருந்து தொடங்கவில்லை, கணப்படுப்பிலிருந்து தொடங்கியது. முதலில் அடுப்பை வை; அதைச் சுற்றி வாழும் பகுதியையும் வேலைப் பகுதியையும் கட்டைகள்போல் ஒட்டு; பிறகு அவற்றை வெளியே நீட்டு. பல்லாடியோவின் வீடு ஓர் எல்லையை உள்ளே பிரித்துப் பிரித்து உருவாகிறது. ரைட்டின் வீடு ஒரு மையத்திலிருந்து வெளியே வளர்கிறது. இரு பாணிகளின் ஆழமான வேறுபாடு விதியின் முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. சிறுவயதில் ஃபிரோபெல் என்ற கல்வியாளர் உருவாக்கிய மரக்கட்டைகளை அடுக்கி விளையாடியதன் தாக்கத்தை ரைட்டே பெருமையோடு எழுதியிருக்கிறார்.

வடிவ இலக்கணம் மறைந்த கலைஞர்களை ஆராய மட்டும் பயன்படுவதில்லை. போர்ச்சுகலின் எவோரா நகரத்தில் 1977இல் தொடங்கிய மலகெய்ரா குடியிருப்பு அதற்குச் சான்று. கட்டடக் கலைஞர் அல்வாரோ சிசா வடிவமைத்த அந்தத் திட்டத்தில் ஏறக்குறைய 1,200 வீடுகள். ஒவ்வொரு மனையும் 8 மீட்டருக்கு 12 மீட்டர். சுவர்கள் பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டி நிற்க, உள்ளே ஒரு முற்றம் வெளிச்சமும் காற்றும் தருகிறது. சிறிய குடும்பத்துக்கு ஒரு படுக்கையறை, பெரிய குடும்பத்துக்கு ஐந்து வரை. ஆனால் மனையின் அளவு மாறாது. ஒரே அச்சில் வார்த்த வீடுகளாக இல்லாமல், ஆனால் ஒரே தெருவின் வீடுகளாக அவை தெரிய வேண்டும்.

ஜோசே பின்டோ டுவார்ட்டே இந்த வீடுகளின் இலக்கணத்தை எழுதி 2001இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றார். செவ்வக மனையை முற்றம், வாழும் பகுதி, சமையல் முதலான வேலைப் பகுதி, படுக்கைப் பகுதி என்று வெட்டிக்கொண்டே போகும் விதிகள் அவை. அதோடு இன்னோர் இலக்கணத்தையும் அவர் சேர்த்தார். குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை அறை வேண்டும், எவ்வளவு செலவிட முடியும் என்ற விவரங்களிலிருந்து வீட்டுக்கான தேவைப் பட்டியலை அது உருவாக்கும். முதல் இலக்கணம் அந்தப் பட்டியலுக்குப் பொருந்தும் வீட்டைத் தேடும். தனக்கென்று ஒரு கட்டடக் கலைஞரை அமர்த்திக்கொள்ள வசதியில்லாத குடும்பத்துக்கும், தன் தேவைக்கு வெட்டிய வீடு கிடைக்க வழி உண்டு என்பது அந்த ஆய்வின் செய்தி. வடிவ இலக்கணத்தின் மிக உயர்ந்த பயன் இதுதான் என்பது என் எண்ணம்.

பெரிய அளவில் இந்த முறையைக் கொண்டுசென்றவர்கள் கணினி வரைகலைத் துறையினர். சூரிச்சின் ஈ.டி.எச். ஆய்வாளர் பாஸ்கல் முல்லரும் அவருடைய குழுவினரும் 2006இல், ஒரு கட்டடப் பருமனைத் தளங்களாகவும், தளத்தைச் சன்னல் பத்திகளாகவும், பத்தியைச் சட்டம், கண்ணாடி என்றும் பிரிக்கும் விதிகளை வெளியிட்டார்கள். எரிமலையில் புதைந்த பாம்ப்பேய் நகரத்தின் தெருக்களைக் கணினியில் மறுபடி எழுப்பிக் காட்டினார்கள். அந்த வழியில் வளர்ந்த சிட்டிஎஞ்சின் மென்பொருள் இன்று நகரத் திட்டமிடலிலும் திரைப்படத்திலும் பயன்படுகிறது. ஆனால் இந்த விதிகள் பெயரிட்ட துண்டுகளின் மேல் வேலை செய்பவை. ‘தளம்’ என்று பெயரிட்டது தளமாகவே இருக்கும்; நடுவில் மூன்றாவது சதுரம் முளைக்காது. வேகத்துக்காகக் கண்ணை விட்டுக்கொடுத்த ஏற்பாடு இது.

விதிக்கு எட்டாதவை

வடிவ இலக்கணம் எல்லாம் வல்லது அல்ல. விதிகளை எழுதுவது மனிதர். ஒரே பாணிக்கு இருவர் இரு இலக்கணம் எழுதலாம். விதிகள் பெருகினால் சாத்தியங்கள் கட்டுக்கடங்காமல் பெருகும். அவற்றில் நல்லதைத் தேர்ந்தெடுக்கும் வேலை விதிகளுக்கு வெளியே நிற்கிறது. மழையும் வெயிலும், வீட்டில் வாழப்போகிறவரின் முதுமையும் விதியாக எழுதினால்தான் இலக்கணத்துக்குத் தெரியும். 210 வரைபடங்களில் எதில் வாழலாம் என்று இலக்கணம் சொல்லாது.

ஆனால் ஒரு விஷயத்தில் அதற்கு ஈடாக வேறு முறை இல்லை. இன்று செயற்கை நுண்ணறிவு ஆயிரமாயிரம் படங்களிலிருந்து கற்றுக்கொண்டு, கேட்ட பாணியில் கட்டடப் படம் தருகிறது. எதனால் அது அந்தப் பாணி என்று கேட்டால், கோடிக்கணக்கான எண்களுக்குள் விடையைத் தேட வேண்டும். வடிவ இலக்கணத்தில் ஒவ்வொரு சுவருக்கும் அதைக் கொண்டுவந்த விதியைச் சுட்டிக்காட்டலாம். விளைந்த வீடு பொருந்தாமல் போனால் எந்த விதி தவறு என்று கண்டுபிடித்துத் திருத்தலாம். திருத்தும்போது பாணியைப் பற்றிய நம் அறிவும் திருந்துகிறது.

கட்டடக் கலை படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பிடித்த ஒரே வகை வீடுகள் மூன்றை அளந்து வரையுங்கள். மூன்றையும் உருவாக்கும் விதிகளை எழுதுங்கள். பிறகு அந்த விதிகளால் நான்காவது வீடு ஒன்றை வரைந்து, அப்படிப்பட்ட வீட்டில் வாழ்ந்தவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் தலையசைத்தால் விதிகள் சரி. முகம் சுளித்தால், எந்த இடம் உறுத்துகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு அந்த விதியைத் திருத்துங்கள். ஒரு கட்டடப் பாணியைக் கற்க இதைவிட நேர்மையான வழி கிடையாது.